பதினாறு துண்டாய் உப்புவெளிக் கடல்

1

புரட்டாதி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் கடல் நின்றுபோனது.

சிரிக்காதேங்கோ. கடலை ஓடவிடுவதும் நிறுத்துவதும்தான் எனக்கு இங்கே வேலை. நெதர்லாந்தில், மழையையும் சைக்கிளையும் விட்டால் சொல்ல ஒன்றும் இல்லாத ஒரு சின்னப் பட்டணத்தில், துறைமுகங்களுக்கு அலைக் கணக்குப் பார்க்கும் ஒரு கந்தோரில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். அலுவலகத்தைக் கந்தோர் என்று எழுதினால் ஊரில் இனிப் பழைய ஆட்களுக்குத்தான் விளங்கும். ஒரு காலத்தில் டச்சுக்காரர் எங்களிடம் விட்டுப்போன சொல், இங்கே சின்னப்பிள்ளையும் அப்படித்தான் சொல்கிறது. வந்த புதிதில் சந்தையில் ஒருத்தி பீன்ஸை, எங்கள் போஞ்சிக்காயை, ஏறக்குறைய எங்கள் பெயராலேயே கூவி விற்றாள். நான் பையும் கையுமாக நின்று அழுதிருக்கிறேன். அவள் பாவம், விலை கூடிப்போச்சோ என்று பயந்து இரண்டு பிடி அள்ளிச் சும்மா போட்டாள்.

கடல் எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். ஒரு துறைமுகத்தின் கடலைக் கொம்பியூட்டருக்குள் மொடலாகச் செய்து, அதில் புயலை விட்டுப் பார்ப்போம். முழுக் கடலையும் ஒரு புரொசசரிடம் கொடுத்தால் அது கிழமைக் கணக்கில் முக்கும். அதனால் பதினாறு துண்டாக வெட்டி, பதினாறு புரொசசருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுப்போம். பதினாறும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் நாங்கள் வெட்டின கோடு அலைக்குத் தெரியாதே. அது பாட்டுக்கு விளிம்பைத் தாண்டிப் பக்கத்துத் துண்டுக்குள் போகும். ஆகவே கடல் ஒரு செக்கன் நகர்வதற்குமுன், ஒவ்வொரு புரொசசரும் தன் விளிம்பில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பக்கத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டும், அவன் சொல்வதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். வாங்காமல் அடுத்த அடி வைக்க ஏலாது. ஒருவன் பிந்தினால் மற்றப் பதினைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அன்றைக்குப் பதினோராம் இலக்கத்துக்காரன் வாய் திறக்கவில்லை. நான் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. திருகோணமலைப் பக்கத்தில் எங்கள் ஊரான உப்புவெளியில் அப்போது பின்னேரம் நாலு மணி.

"ஜெனி, சாப்பிட்டாச்சோ?"

"எங்கையம்மா. கடல் நிண்டுபோச்சு. அதோட நிக்கிறன்."



"உங்க பக்கம் நிண்டிட்டுதோ? புண்ணியம் செய்த சனங்கள். இஞ்ச அது நிக்கிற மாதிரித் தெரியேல்லை, பிள்ளை. நேற்றுக் கிணத்தடி வரைக்கும் வந்து பாத்திட்டுப் போட்டுது."

2

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் முந்தி இரண்டு வரிசைத் தென்னை, ஒரு வலைக் கொட்டில், அதற்கு முன்னால் பெடியள் கிரிக்கெட் அடிக்கிற அளவு மணல் இருந்தது. போன மாரியில் கடைசித் தென்னையும் போனது. இப்போது வாசற்படியில் இருந்து கால் எட்டி வைத்து எண்ணினால் நாற்பது கவடு. மாரி வந்தால் வாடைக்காற்றும் வரும், பிறகு எத்தனை கவடு மிஞ்சும் என்று ஒருவருக்கும் தெரியாது.

நிலாவெளி றோட்டுக்கு அங்காலே அக்காவுக்கு ஒரு வளவு இருக்கிறது. அதில் இரண்டு அறையும் கட்டியாயிற்று. மாரிக்கு முன் அம்மாவை அங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்று அக்காவும், அவளுடைய புருஷன் அந்தோனி அத்தானும் ஆறு மாதமாகக் கெஞ்சுகிறார்கள். அம்மா அசைய மாட்டா. கிராம அலுவலர் வந்து சொல்லிப் பார்த்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா. பங்குச் சுவாமியார் வந்து சொன்னார். அவருக்குத் தேத்தண்ணியோடு பலகாரமும் கொடுத்து அனுப்பினா.

"உவையின்ர கதையில நான் எழும்ப மாட்டன்," என்றா அன்றைக்கு. "கார்த்திகையில கொப்பர் செத்த அஞ்சாம் ஆண்டுப் பூசை. இந்த வீட்டிலதான் சாப்பாடு. நீ பெரிய கொம்பியூட்டரில கடல் வச்சிருக்கிறாய்தானே, எங்கட கடலையும் ஒருக்காப் போட்டுப் பார். வீடு நிக்குமோ போகுமோ எண்டு சொல்லு. போகும் எண்டு நீ கண்டு சொன்னால் யோசிப்பம்."

யோசிப்பம் என்றால் அம்மாவின் அகராதியில் பாதி சம்மதம். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, "ஒரு மாசம் தாங்கோம்மா, சொல்லுறன்," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அப்பாவைப் பற்றி ஒரு சொல். சூசை என்று பெயர், ஊருக்கு நெட்டைச் சூசை. கோயில் பக்கக் கதவால் குனியாமல் போக ஏலாத மனிதர். வள்ளமும் வலையும் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்று தானே சொல்வார், ஆனால் இரண்டு முறை இடம்பெயர்ந்து திரும்பி வந்து இரண்டு முறையும் அந்த வீட்டுக்குத் தானே கூரை போட்டவர். அவர் செத்தபோது எனக்குப் போகக் கிடைக்கவில்லை. புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போட் அப்போது இங்கே ஒரு கந்தோர் மேசை லாச்சிக்குள் கிடந்தது. முறைப்படி பத்து வேலைநாள். அங்கே இருந்த பெண்பிள்ளை நல்ல மாதிரித்தான், கண்ணெல்லாம் கலங்கி, "எட்டாம் நாள்தான் ஆகிறது," என்றாள். நான் செத்தவீட்டைப் போனில் பார்த்தேன். பெட்டியை நீளமாகச் செய்விக்க வேண்டி வந்ததாம், அதனால் அரை நாள் பிந்தியதாம். போனில் அவர் ஒரு சாண்தான் இருந்தார்.

3

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகத்துக்கே தெரியும். கப்பற்காரர்கள் அதை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் உப்புவெளிக் கரையோரம், வள்ளம் மட்டும் போகிற தண்ணீருக்கு யார் கவலைப்பட்டார்கள்? வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் வெறும் வெள்ளை. ஆழம் தெரியாமல் அலை எங்கே முறியும் என்று சொல்ல ஏலாது. குறிப்பாக, கரையில் இருந்து கொஞ்சத் தூரத்தில் கிடக்கும் பார். பார் என்றால் தண்ணீருக்குள் இருக்கிற கல்மேடு. பெரிய அலைகள் அதில் தட்டி முறிந்துதான் எங்களிடம் வரும். வீட்டைக் காப்பாற்றுகிறது என்றால் அதுதான் காப்பாற்றுகிறது.

அத்தானைக் கேட்டேன். மனிதர் ஒன்பது காலை வள்ளத்தில் போய், ஈயக்குண்டு கட்டின கயிறு இறக்கி, போனில் இடத்தைக் குறித்து, அக்காவின் பழைய கொப்பி ஒன்றில் ஆழங்களை எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். "கரையில ஆக்கள் கேட்டவங்கள், என்னத்தை அளக்கிறாய் எண்டு. ஹொலண்டுக்காரர் கேட்டவை எண்டனான். அவங்கள் முந்தியே வந்து அளந்து கோட்டையும் கட்டிப்போட்டுத்தானே போனவங்கள், இன்னும் முடியேல்லையோ எண்டு ஒரே சிரிப்பு."

கொப்பியில் எல்லாம் பாகத்தில் இருந்தது. இரண்டரைப் பாகம், மூன்று பாகம், நாலேகால். கைகள் இரண்டையும் அகல விரித்தால் ஒரு விரல்நுனியில் இருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். எங்கள் கரையில் வலையும் கயிறும் ஆழமும் எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

பக்கத்து மேசை அனெக்க எட்டிப் பார்த்தாள். நெட்டையான, நரைத்த தலைப் பெண், இந்த வேலையில் என்னைவிடப் பழம். "இது என்ன அலகு?" என்றாள். நான் எழுந்து கைகளை விரித்துக் காட்டினேன். அவள் தன் கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி. ஆனால் யாருடைய கைகள்?"

அட, நல்ல கேள்வி! புத்தகத்தில் பாகத்துக்கு ஆறடி என்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுகிறவள் இங்கத்தைய பிள்ளையாக இருக்கலாம். நான் உப்புவெளிப் பிள்ளை. ஒருவனுடைய பாகம் ஏறக்குறைய அவனுடைய உயரம் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கு உடனே எடுத்தேன்.

"அத்தான், உங்கட உயரம் என்ன?"

"உயரமோ? அஞ்சடி ரெண்டங்குலம்."

"வடிவாத் தெரியுமோ?"

"அடையாள அட்டைக்கு அளந்தது, பிள்ளை. நான் பிறகு வளரேல்லை."

அஞ்சடி இரண்டங்குலம் என்றால் நூற்றைம்பத்தேழு சென்ரிமீற்றர். கொப்பியில் இருந்த ஒவ்வொரு பாகத்தையும் அதனால் பெருக்கினேன். எனக்கு என்மேல் வந்த பெருமையைக் கேட்காதேங்கோ. அனெக்கவுக்குக் குடிக்கக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

4

சனி ஞாயிறில் கந்தோரின் கொம்பியூட்டர்கள் சும்மா கிடக்கும். ஓடவிட்டுக்கொள் என்று முகாமையாளர் அனுமதி தந்தார். உப்புவெளிக் கடலைப் பதினாறு துண்டாக வெட்டினேன். வெட்டுவது மொடல்தான், நான் இல்லை. எல்லோருக்கும் சம அளவு வேலை வரும்படி அது தன்பாட்டில் கோடு கீறும். பார்த்தால் ஒரு கோடு எங்கள் வாசலுக்குப் பக்கத்தால் போகிறது. எங்கள் வீடு பதினோராம் துண்டில், கோயில் பன்னிரண்டில். அத்தானுக்குப் படத்தை அனுப்பினேன்.

"அப்ப நாங்கள் ரெண்டு ஊரோ?"

"கணக்குக்கு மட்டும், அத்தான்."

"நடுவில செக்பொயின்ற் இருக்கோ?"

"இருக்கு. ஒவ்வொரு செக்கனும் நிண்டு, உள்ளதைச் சொல்லிப்போட்டுத்தான் போகவேணும்."

"அது பழக்கம்தானே," என்றார்.

அவசரத்தில் அறுபத்துநாலு துண்டாகவும் வெட்டிப் பார்த்தேன். கெதியாக முடியும் என்று நினைத்தால் இன்னும் பிந்திப்போனது. துண்டு சின்னதாகச் சின்னதாக, வேலையைவிடப் பக்கத்துக்காரனோடு கதைக்கிற நேரம் கூடிவிடுகிறது. எங்கள் கோயில் திருவிழாக் கூட்டம் இப்படித்தான் நடக்கும். பழையபடி பதினாறுக்கே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை தனியே கந்தோரில் இருந்து, திரையில் பதினாறு கோடுகள் ஒன்றாக ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. நாங்களும் இப்படித்தானே? அம்மா அங்கே, நான் இங்கே. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருக்கால் விளிம்பில் உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். சாப்பிட்டாச்சோ. மழையோ. பிள்ளை படிக்கிறாளோ. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மூன்று கிழமை படுக்கையில் கிடந்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். எனக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது அவவுக்கு இன்றைக்கும் தெரியாது. துண்டின் நடுவில் என்ன நடக்கிறது என்று பக்கத்துக்காரன் கேட்பதில்லை. கேட்காமலே கணக்கு ஓடுகிறது.

என் மகள் லியாவுக்குப் பதினான்கு வயது. அவளிடம் விளிம்பும் குறைந்துகொண்டு வருகிறது. போனை நீட்டினால், "அம்மம்மா, சுகமோ? நான் சுகம்," என்று மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டுத் திருப்பித் தருவாள். வீடு போகப் போகிறதோ என்று நான் பதறினால் டச்சில் பதில் வரும்: "போனால் என்ன? அம்மம்மாவை இங்கே கூப்பிடலாம்தானே." கூப்பிடலாம். போன வருஷம் விசாவுக்குப் போட்டும் பார்த்தோம். திரும்பிப் போவதற்கு அவவுக்கு ஊரில் என்ன இருக்கிறது, காட்டு என்றார்கள். வீட்டின் படம் வைத்தேன், காணி உறுதிப் பத்திரமும் வைத்தேன். அது காணாது, போதாது என்று பதில் வந்துவிட்டது. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "காணாதாமோ? வந்து இருந்து பாக்கச் சொல்லு," என்று கோபித்தா.

5

பன்னிரண்டு வகைப் புயல்களை விட்டேன். பதினொன்றில் வீடு நின்றது. ஒன்றில் மட்டும் வாசற்படி நனைந்தது. பார் நன்றாக மேலே நின்று பெரிய அலைகளை எல்லாம் முறித்துவிடுகிறது. திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு எடுத்தேன்.

"வீடு நிக்கும், அம்மா."

"நான் சொன்னனான்தானே!"

பிறகு அக்காவிடம் போனைக் கொடுக்காமல் கால் மணித்தியாலம் கதைத்தா. விளிம்புக் கதை இல்லை. பூசைக்கு எத்தனை பேர், எந்தப் பாத்திரம் யார் வீட்டில் வாங்குவது, மரவள்ளிக்கிழங்கு யார் அவிப்பது. கடைசியில், "மழைக்குச் சமைக்க ஏலாமல் குசினி ஒழுகுது. நிக்கிற வீடு எண்டால் பூசைக்கு முதல் அதையும் ஒருக்கால் கட்டிப்போடுவம்," என்றா. அவவின் குரல் அவ்வளவு வெளிச்சமாக இருந்து அஞ்சு வருஷம். நான் போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்று சந்தோஷமாக அழுதேன்.

அக்கா தனியாக எடுத்தாள். "உண்மையாத்தான் சொல்லுறியோ? அங்கால அறை ரெண்டும் பூட்டிக் கிடக்கு. இந்த மாரிக்கு நாங்களும் உன்ர சொல்லில இஞ்சதான் இருக்கப் போறம்."

"கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன், அக்கா," என்றேன்.

6

இரண்டு கிழமை கழித்து, குசினிக்கு அத்திவாரம் போட்டதைக் காட்ட அத்தான் வீடியோவில் வந்தார். போனைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார். கல், மணல், கயிறு கட்டின முளைகள், பின்னால் அம்மாவின் கோழி. வலைகள் தொங்குகிற சுவர்ப்பக்கம் திரும்பியபோது ஆணியில் ஒரு கயிறு சுருட்டித் தொங்கியது. முடிச்சு முடிச்சாக. சில முடிச்சுகளில் சிவப்புச் சீலைத் துண்டு.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். அம்மாவின் கூறைச் சீலை கரப்பான் அரித்துப்போன வருஷம் அதைக் கிழித்து ஐந்து முடிச்சுக்கு ஒன்றாகக் கட்டினது நானும் அப்பாவும். அவர் கயிற்றைப் பிடித்துக் கைகளை விரிப்பார், நெஞ்சை நிமிர்த்துவார், "போடு முடிச்சை," என்பார். நான் ஓடிப்போய் விரல்நுனியில் முடிச்சுப் போடுவேன். எனக்கு எட்டு வயது இருக்கும்.

"அத்தான், நில்லுங்கோ. உது என்ன கயிறு?"

"உதுதானே பிள்ளை, ஆழம் பாத்த கயிறு. மாமான்ர. உதைவிட்டா இஞ்ச வேற ஏது?"



"நீங்கள் உங்கட உயரத்தை எல்லோ சொன்னீங்கள்?"

"நீ என்ர உயரத்தைத்தானே கேட்டாய்? எனக்கும் யோசனைதான், ஏன் கேக்கிறாள் எண்டு. குளிர் ஜாக்கெற் ஏதும் அனுப்பப் போறாளாக்கும் எண்டு நினைச்சு அக்காவுக்கும் சொல்லிப்போட்டன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாருடைய கைகள் என்று ஒரு வெள்ளைக்காரி கேட்டாள். யாருடைய கயிறு என்று உப்புவெளிப் பிள்ளை கேட்கவில்லை. அஞ்சடி இரண்டங்குல மனிதரின் கையைப் போட்டு, அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் கடலுக்கு முன்னால் இருத்திவைத்திருக்கிறேன். அப்பாவின் பாகம் பெரிது, ஆகவே ஆழம் நான் நினைத்ததைவிட எல்லா இடத்திலும் கூடுதல். பாருக்கு மேல் தண்ணீர் கூடுதல் என்றால், பெரிய அலை அதில் முறியாது. தாண்டி வரும்.

"அத்தான், ஒரு அளவு நாடா எடுங்கோ. முடிச்சுக்கு முடிச்சு அளந்து சொல்லுங்கோ. பத்து முடிச்சு."

அவர் அளந்தார். போனைக் கல்லில் சாத்திவைத்துவிட்டுக் குந்தியிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நூற்றெண்பத்தெட்டு. நூற்றெண்பத்தேழு. நூற்றெண்பத்தெட்டு. நூற்றெண்பத்தொன்பது. பழைய கயிறு, ஆனாலும் ஒரு விரல் வித்தியாசம் கூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளை ஓடி ஓடிப் போட்ட முடிச்சு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நடைச் சுவரில் முதுகை ஒட்டிக் கைகளை விரித்து நின்றேன். லியா அறையில் இருந்து வந்து, எனக்கு ஏதும் செய்கிறதோ என்று கேட்டாள். அளவு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். நூற்றைம்பத்தொன்பது. பிறகு அவள் பென்சிலால் சுவரில் நூற்றெண்பத்தெட்டைக் குறித்தாள். இந்த முனையில் இருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அவரைப் போனில்தான் கண்டிருக்கிறாள்.

"அம்மப்பா இவ்வளவோ?" என்றாள், தமிழில்.

"ஓமடி. இவ்வளவு."

7

திருத்தின கணக்கை ஓட்ட அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. முகாமையாளரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் வேறொரு வேலையை நிறுத்திப் பதினாறையும் தந்தார். 1.57 என்று இருந்த இடத்தில் 1.88 என்று அடித்தேன். ஓடவிட்டதும் அந்த இலக்கம் பதினாறு புரொசசருக்கும் போகும். ஒவ்வொன்றும் தன் துண்டுக் கடலை அதனால் அளக்கும். திரையைத் தொட்டுக்கொண்டு இருந்தேன். அனெக்க பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

பன்னிரண்டு புயல்களில் ஏழில் வீட்டின் கீழ் மண் போனது.

கொம்பியூட்டர் சாத்திரம் சொல்வதில்லை. அந்த ஏழு வராமலும் போகலாம். ஆனால் பன்னிரண்டில் ஏழு என்று தெரிந்துகொண்டு பெற்ற தாயை அங்கே இருத்த ஏலுமோ? அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, நான் பிழை விட்டிட்டன். வீடு நிக்கும் எண்டு சொல்ல ஏலாது. மாரிக்கு முதல் எழும்புங்கோ."

"என்னடி விளையாட்டு? அண்டைக்கு நிக்கும் எண்டாய், இண்டைக்குப் போகும் எண்டுறாய். குசினிக்கு அத்திவாரமும் போட்டாச்சு. உன்ர கொம்பியூட்டரும் நீயும்! நான் எழும்ப மாட்டன். போ."

"கொம்பியூட்டர் பிழை விடேல்லை, அம்மா. நான்தான். அத்தான் ஆழம் பாத்தது அப்பான்ர கயிற்றில. நான் அத்தான்ர கையெண்டு நினைச்சுக் கணக்குப் போட்டிட்டன். இப்பத்தான் அப்பான்ர கையைப் போட்டுப் பாத்தனான். அவற்ற கைக்கணக்கில பாருக்கு மேல தண்ணி ஆழம், அம்மா. அலை தாண்டி வருது."

போனில் கடல் சத்தம் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது.

"எந்தக் கயிறு?"

"உங்கட கூறைச் சீலைத் துண்டு கட்டினது."

"அது இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு. வலைச்சுவரில."

"அப்ப உந்தக் கணக்கெல்லாம் அவற்ற ரெண்டு கையாலையோ அளந்தது?"

"ஓமம்மா. ஒவ்வொரு முடிச்சும்."

அம்மா மூக்கை உறிஞ்சினா. பிறகு, அக்காவைக் கூப்பிடுகிற குரலில், போனை விலக்காமலே கத்தினா: "பிள்ளை, அந்தப் பெரிய சாக்குகளை எடு. சட்டி பானையை முதலில கட்டுவம்." என்னிடம் திரும்பி, "மனுசன் அளந்து சொன்னால் சரியாத்தான் இருக்கும். எழும்புறன்," என்றா.

கிராம அலுவலருக்கும் சுவாமியாருக்கும் பதினாறு புரொசசருக்கும் அசையாத மனிசி.

ஐந்தாம் ஆண்டுப் பூசைச் சாப்பாடு றோட்டுக்கு அங்காலே புது வளவில் நடந்தது. நான் இந்த முறையும் போனில்தான் பார்த்தேன். பாஸ்போட் கையில் இருந்தது, லீவுதான் இல்லை. பழைய வீடு இதை எழுதும்வரை நிற்கிறது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, முப்பத்தொரு கவடு என்று அத்தான் சொன்னார். நேற்று அக்கா புது வீட்டின் பின்பக்கப் படம் ஒன்று அனுப்பினாள். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் துணிக்கொடி. அதில் அம்மாவின் வெள்ளைச் சீலைகள் காய்கின்றன. கொடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிச்சுகள். ஒரு சிவப்புத் துண்டு. எண்ணிப் பார்த்தேன், மரத்துக்கு மரம் மூன்றரைப் பாகம்.

உடனே எடுத்துக் கத்தினேன். "அம்மா, அந்தக் கயிற்றிலையோ உடுப்புக் காயப்போடுறீங்கள்? வெயிலில இத்துப்போகும். எடுத்து அலுமாரிக்குள்ள பத்திரமா வையுங்கோ!"

"அலுமாரிக்குள்ள வச்சு என்ன செய்ய?" என்றா அம்மா. "இதெண்டால் ஒவ்வொரு நாளும் கையில படும்."